ரியோவுக்கு ஒரு சீட்டு



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நானும் சம்சாரமும் ஒரு தடவை ரியோ டி ஜெனிரோ பார்க்கணும் சார். சொன்னா கூட வேலை பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. மொதல்ல மகாபலிபுரம் போய்ட்டு வா, அப்புறம் பிரேசில் போலாம்னு கிண்டல். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. ஜி.என்.டி. சாலையில் எந்த நேரம் நின்று பார்த்தாலும் கன்டெய்னர் லாரிகள் காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வரிசை கட்டிப் போகின்றன. திருவொற்றியூரில் 1955இல் வேர்விட்ட ராயல் என்ஃபீல்டுக்கு, 2022 முதல் பிரேசிலின் மனாஸ் நகரத்தில் வண்டி பூட்டும் ஆலை இருக்கிறது; பாகங்கள் இங்கிருந்துதான் போகின்றன. திருவள்ளூரை ஒட்டி ராட்சத லாரிகள் செய்யும் கேட்டர்பில்லருக்கு அந்த நாட்டிலும் தொழிற்சாலை உண்டு. நாம் செய்த பொருள் போகிற நாட்டுக்கு நாமும் ஒருமுறை போய் வர நினைப்பது பேராசையா என்ன?

ஆகவே கிண்டலை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் பணம். விமான டிக்கெட்டே ஒருவருக்குப் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டிவிடும். தங்குவது, சாப்பாடு, விசா எல்லாம் தனி. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். கம்பெனி சொசைட்டியில் கடனும் வேண்டாம். மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற சீட்டு ஒன்று, அஞ்சலகத்தில் மாதாந்தரச் சேமிப்பு ஒன்று, தீபாவளி போனஸில் ஒரு பங்கு. இந்த மூன்றையும் தொடாமல் இருந்தால் ஆசை நிறைவேறும் தூரத்துக்கு வந்துவிடும். சீட்டை எடுக்கிற மாதத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணம் வரும். அப்போது கையை இறுக்கிக்கொள்வதுதான் இந்தப் பயணத்திலேயே கஷ்டமான கட்டம்!

அடுத்தது காகிதங்கள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். இதே கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமில் பலருக்கு அந்த முதல் படியே இன்னும் எட்டவில்லை. எடுக்க முடிந்தவர்கள் தள்ளிப்போடலாமா? பிரேசிலுக்குள் நுழைய நமக்கு விசா வேண்டும். அந்த நாட்டின் தூதரகம் டெல்லியிலும் துணைத் தூதரகம் மும்பையிலும் இருக்கின்றன. சம்பளம் வங்கிக் கணக்கில் வருவதும், சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதும், லீவு தருவதாகக் கம்பெனி கொடுக்கும் கடிதமும் விசாவுக்குக் கைகொடுக்கும். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். பயணமே போகாவிட்டாலும் அது உதவும்.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். பிரேசிலிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழை நம் நாட்டு விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். நாளும் நேரமும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்பாகப் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று ஏதாவது ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். அமெரிக்கா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா தேவைப்படும். ரியோவின் கடிகாரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நைட் ஷிப்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எப்போது போகலாம்? அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை கோடை. புத்தாண்டு இரவில் வெள்ளை உடுத்திய லட்சக்கணக்கானோர் கோபகபானா கடற்கரையில் கூடுவார்கள். கடல் தாய் இயெமாஞ்சாவுக்குப் பூக்களை அலையில் விடுவார்கள். பிப்ரவரி வாக்கில், கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய நாட்களில், கார்னிவல். இரண்டு சமயத்திலும் அறை வாடகை எகிறிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம் மார்கழி மாதிரி இதமாக இருக்கும்; செலவும் குறையும். சிக்கனமாகப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு இந்த மாதங்கள்தான்.

கார்னிவல் தவறிப்போகிறதே என்று வருந்த வேண்டாம். ஊர்வலத்தைவிட, அது உருவாகும் இடத்தைப் பார்ப்பது நம்மவர்களுக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம். துறைமுகப் பகுதியில் 'சாம்பா நகரம்' என்ற பெயரில் பெரிய பெரிய பட்டறைகள் இருக்கின்றன. வெல்டரும் தச்சரும் தையல்காரரும் மாதக்கணக்கில் அங்கே உழைத்துத்தான் அந்தப் பிரம்மாண்டத் தேர்கள் உருவாகின்றன. ஃபேப்ரிகேஷன் தெரிந்த ஒருவர் அங்கே நின்றால் கண்ணை எடுக்கமாட்டார்.

ரியோ என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கைகளை விரித்து நிற்கும் இயேசு சிலை. 1931இல் திறக்கப்பட்டது, உயரம் 30 மீட்டர். அந்தச் சிலைக்குப் போகும் மலை ரயில் திஜூகா காட்டுக்குள் புகுந்துதான் ஏறுகிறது. குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கும் செங்குன்றம் ஏரிக்கும் பக்கத்தில் வாழும் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது அந்தக் காட்டை. காப்பித் தோட்டங்களுக்காக மலையின் மரங்களை வெட்டித் தீர்த்ததில் ஊற்றுகள் வற்றி நகரமே தண்ணீருக்குத் தவித்தது. 1861இல் பேரரசர் இரண்டாம் பெத்ரோ காட்டைத் திரும்ப வளர்க்க உத்தரவிட்டார். மேஜர் ஆர்ச்சர் என்பவரின் பொறுப்பில் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் ஆறு அடிமைகள். எலெயுதேரியோ, கொன்ஸ்தந்தீனோ, மனுவேல், மத்தேயுஸ், லியோபோல்டோ, மரியா. சுமார் 13 ஆண்டுகளில் ஒரு லட்சம் மரக்கன்றுகள் வரை மலையில் நடப்பட்டன. அந்த நாட்டில் அடிமை முறை ஒழிந்ததோ 1888இல்தான். உத்தரவு போட்டவரின் பெயர் பாடப்புத்தகத்தில் நிற்கிறது. குழி தோண்டியவர்களின் பெயரைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உழைக்கிற வர்க்கத்திலிருந்து ஒருவர் போய் அந்த நிழலில் நிற்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சோறும் பயறும் அங்கே அன்றாட உணவு. தட்டில் எடுத்துக்கொண்டதை எடை போட்டுக் காசு வாங்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. சைவக்காரர்களும் தேடித் தேடி எடுத்துக்கொள்ளலாம். நம் பண்ருட்டிப் பக்கத்தில் பெரும்பாலும் கொட்டையை எடுத்துக்கொண்டு வீசிவிடும் முந்திரிப் பழத்தை அங்கே ஜூஸ் போட்டுக் குடிக்கிறார்கள். குடித்துப் பாருங்கள், முந்திரிக்குப் பூர்வீகமே அந்த நாடுதான்.

சில எச்சரிக்கைகள். தாலிச் செயின், வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கடற்கரையில் போனை நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பறித்துக்கொண்டு ஓடுவது அங்கே சகஜம். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கவே கூடாது, இழுவை பலமாக இருக்கும். நம் யுபிஐயை நம்பிப் போக முடியாது. வெளிநாட்டில் செல்லும் கார்டு வேண்டும். ஆங்கிலம் ரொம்பக் கைகொடுக்காது. அங்கே பேசுவது போர்ச்சுகீசியம். 16ஆம் நூற்றாண்டில் நம் பழவேற்காட்டில் வந்திறங்கிய அதே போர்ச்சுகீசியர்தான் 1565இல் ரியோ நகரத்தை நிறுவியவர்கள். தினம் பத்து நிமிடம் போனில் படித்தால் மூன்று வருடத்தில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிடும்.

சொந்தச் சேமிப்பில் வெளிநாடு போய் வந்த தொழிலாளிகள் நம் வாசகர்களில் கட்டாயம் இருப்பீர்கள். எந்த ஊர், எவ்வளவு செலவு, எங்கே ஏமாந்தீர்கள், எதில் மிச்சம் பிடித்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். டூர் கம்பெனி விளம்பரம் சொல்லாததை நீங்கள் சொல்வீர்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

கடிதம் போட்ட நண்பரே, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்ததும் ஒரு வரி எழுதுங்கள். விசா விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று அடுத்ததாகப் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்