நோயைச் சொல்பவனைக் காப்போம்

நம் நாட்டிலிருந்து அயல்நாடு செல்லும் கடலுணவில், மதிப்பால் முதலிடம் பெறுவது உறையவைத்த இறால். அதில் பெரும்பகுதி கடலில் பிடித்ததன்று, கரையோரக் குளங்களில் வளர்த்தது. இத்தொழிலில் ஆந்திரம் முன்னிற்கிறது. நாகைப் பகுதியிலும் பண்ணைகள் உண்டு. மரக்காணம் கரையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் பல இருக்கின்றன. இத்தனை பெரிய செல்வம் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றுக்கு அஞ்சி வாழ்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1994-95ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் நம் கிழக்குக் கரைப் பண்ணைகளைச் சூறையாடியது. அந்த வைரசுக்கு மருந்தில்லை. அறிகுறி தெரிந்த சில நாட்களிலேயே குளம் முழுதும் மடிந்துபோகலாம். நண்டும் அதைச் சுமக்கும், வாய்க்கால் நீரும் சுமக்கும். 2009இல் நோயற்ற வனாமித் தாய் இறாலை இறக்குமதி செய்யத் தொடங்கியபோது, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்கு அனுப்பினார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாசலைக் காத்தால் மட்டும் போதுமா? வீட்டுக்குள்ளும் காவல் வேண்டுமன்றோ?

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாகைப் பகுதியின் நிலத்துக்கும் நீருக்கும் வாதாடிய சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023இல் அது திருத்தப்பட்டுப் பொரிப்பகங்களையும் தன் வரம்பிற்குள் கொண்டது. நீர்வாழ் உயிர்களின் நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. நோயைத் தெரிவிக்கக் கைப்பேசிச் செயலியும் 2023இல் வந்துவிட்டது.

இத்தனையும் இருந்தும் ஓட்டை எங்கே? குளக்கரையில் நிற்கும் மனிதனிடம் வருவோம். குளம் குத்தகை, தீவனம் கடன். விடியற்காலையில் ஓட்டில் வெண்புள்ளியோடு இறால் கரையோரம் ஒதுங்குகிறது. அவன் முன் இரண்டு வழிகள். அதிகாரிக்குச் சொன்னால் மதகை அடைத்துக் குளத்தில் குளோரின் கலந்து, எஞ்சியதையும் அழிக்க வேண்டும். சொல்லாவிட்டால் இரவோடிரவாகப் பிடித்து வந்த விலைக்கு விற்றுவிட்டு, நீரை வாய்க்காலில் திறந்துவிடலாம். முதல் வழி ஊரைக் காக்கும், அவனைக் கெடுக்கும். இரண்டாவது வழி அவனை ஓரளவு காக்கும், ஊரைக் கெடுக்கும். கடன்காரன் எந்த வழியில் போவான்? அவனைக் கயவன் என்று ஏசுவது எளிது. அவனுக்கு அந்த வழியைத் திறந்து வைத்தது யார்?

கோழிக்குப் பறவைக் காய்ச்சல் கண்டு அழிக்க நேர்ந்தால் அரசு இழப்பீடு தருகிறது. மத்திய அரசும் மாநில அரசும் அச்செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. இறால் வளர்ப்பவனுக்கும் அதே உறுதி வேண்டும். 2024இல் ஒப்புதல் பெற்ற மத்தியத் திட்டமொன்று நீர்வாழ் உயிர் வளர்ப்புக் காப்பீட்டிற்கு ஊக்கத்தொகை தருகிறது. வரவேற்கத்தக்கதே! ஆனால் விரும்பினால் எடுக்கும் காப்பீடு வேறு, நோயைச் சொன்னவனைக் கைவிடமாட்டோம் என்று சட்டமே சொல்வது வேறு.

‘இழப்பீடு தந்தால் கவனக்குறைவு பெருகாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிவு பெற்ற பண்ணை, சோதித்த குஞ்சு, உரிய காலத்தில் தகவல் என்னும் மூன்றும் இருந்தால்தான் இழப்பீடு என்று வகுக்கலாமே! மறைத்து நீரைத் திறந்தவனுக்குத் தண்டம் விதிக்கட்டும். பணம் எங்கிருந்து வரும்? ஏற்றுமதியில் ஈட்டும் தொழில் சிறு பங்கைப் பொதுநிதியாக ஒதுக்கட்டும்.

மீன்வளம் மாநிலத்துக்குரியது என்று மத்திய அரசு ஒதுங்கவும் முடியாது. தொற்றுநோய் மாநிலம்விட்டு மாநிலம் பரவாமல் தடுப்பது அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 29ஆம் பதிவாக இருக்கிறது. குஞ்சு ஏற்றிய வண்டி எல்லை கடக்கும்போது கிருமியும் உடன் கடக்கிறதல்லவா?

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் நோயை இன்னதென்று சொல்லிவிடும். ஆனால் மாதிரியைக் கொண்டுவர வேண்டியவன் அந்தக் குளக்காரன். அவன் அச்சமின்றி வாய் திறக்கும்படி செய்யாத சட்டம், எத்தனை திருத்தம் பெற்றாலும் ஏட்டுச் சட்டமே.