அமிலேஸ் ஏறினால் கணையமா குற்றவாளி?

மாவுக் கரைசலில் எச்சிலைச் சேர்த்து, அயோடினின் நீலம் மறைவதைப் பள்ளியிலேயே கண்டு வியந்தவர்கள் நாம். அந்த வித்தையைச் செய்வது அமிலேஸ் என்னும் என்ஸைம். எச்சில் சுரப்பிகளைப் போலவே கணையமும் அதைச் சுரக்கிறது. கணையம் அழன்றால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஆகவே வயிற்று வலிக்காரரின் சீட்டில் அமிலேஸ் மும்மடங்கு என்றிருந்தால், கணைய அழற்சி என்று எண்ணுவது இயல்பே. ஆனால் எப்போதும் அதுதானா உண்மை?

இரத்தம் இழந்தவர்களுக்கு ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்னும் திரவத்தை ஏற்றுவதுண்டு. மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கின் மாவுச்சத்தை, அமிலேஸ் எளிதில் சிதைக்காதபடி மாற்றிச் செய்தது அது. அமிலேஸ் அதைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் விரைவில் அறுக்க இயலுவதில்லை. இரண்டும் இணைந்த பெரும்பொருள் சிறுநீரகத்தின் வடிகட்டியில் நுழையாது. வெளியேற வேண்டிய அமிலேஸ் இரத்தத்திலேயே தேங்கி, இயல்பைவிட இரண்டு மூன்று மடங்காகிச் சில நாட்கள் நிற்கிறது. கணையமோ ஒரு குற்றமும் செய்யவில்லை!

இதை அறியாவிட்டால் நோயாளி வீணே பட்டினி கிடப்பார். வேண்டாத சோதனைகளின் செலவு குடும்பத்தின் தலையில் விழும். லைபேஸ் என்னும் மற்றொரு என்ஸைமை அளந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். இந்த ஸ்டார்ச் அதைப் பற்றுவதில்லை.

"டாக்டருக்கு இது தெரியாதா?" என்பீர்கள். தெரியும். ஆனால் பகலில் திரவம் ஏற்றியவர் ஒருவர். இரவில் சீட்டைப் படிப்பவர் வேறொருவர். சோதனைச் சாலைக்கு இரத்தம் மட்டும் போகிறது. ஏற்றிய திரவத்தின் கதை உடன் போவதில்லை. ஆகவே, 'கடந்த 5 நாட்களில் ஏற்றிய திரவம் எது?' என்ற ஒரு வரியைச் சோதனைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்பது என் துணிபு. அதற்கு ஆகும் செலவு சிறிது மை!

"அந்தத் திரவத்தின் புழக்கமே குறைந்துவிட்டதே" என்றும் சொல்லலாம். உண்மைதான். 2012இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், கடும் தொற்றால் நலிந்தோரில் அதைப் பெற்றவர்களிடையே சாவு மிகுந்திருந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனை அனுமதியை நிறுத்திவைத்தது. எனினும், அரிதாக வருவதைத்தானே மனிதன் எளிதில் மறக்கிறான்?

நாளை சோதனைச் சாலைகளில் அமரப்போகிறவர்கள் நம்மில் பலர். எண்ணை எழுதுவதோடு நம் கடமை முடிந்தது என்றிராமல், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கவும் இன்றே பழகுவோம்.