மெழுகுவர்த்தி வேண்டாம், பில்லை மெதுவா கொண்டு வாங்க

சென்னையில சைவம் மட்டும் சாப்பிடுற ஒரு ஜோடி, வெளிய போய் ரெண்டு மணி நேரம் நிம்மதியா பேசிக்கிட்டே ராத்திரி சாப்பாடு சாப்பிட முடியுமா? ரொம்பக் கஷ்டம் என்பது என் கட்சி. நல்ல சாப்பாடு வேணும்னா உக்கார முடியாது. உக்காரணும்னா நல்ல சாப்பாடு கிடைக்காது.

முதல் ரகம், நம்ம பவன்கள். சாப்பாட்டுல குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்க. நாலு பேர் டேபிள்ல எதிர்ல முன்னபின்ன தெரியாத ரெண்டு பேர் இருப்பாங்க. நம்ம நாற்காலிக்குப் பின்னாடி ஒரு குடும்பமே நின்னு, ரவா தோசை இன்னும் எவ்வளவு மிச்சம்னு கண்ணாலேயே அளந்துக்கிட்டு இருக்கும். தங்கமணி ஆபீஸ் கதையை ஆரம்பிச்சு முக்கியமான கட்டத்துக்கு வரும்போது கரெக்டா சர்வர் வந்து "வேற என்ன சார்?" என்பார். காபி பாதி டம்ளர் இருக்கும்போதே சோம்போட பில் வந்துடும். ஏசி ஹாலுக்குப் போனா விலைதான் கூடும், வேகம் குறையாது :-)

ரெண்டாவது ரகம், மெழுகுவர்த்தி கேஸ். மங்கலான மஞ்சள் வெளிச்சம், மெல்லிசா ஒரு பாட்டு, யாரும் விரட்ட மாட்டாங்க. ஆனா மெனு கார்டுல எட்டுப் பக்கம் இருந்தா நமக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துலயும் பனீர், காளான், பேபி கார்ன் மூணையும் மாத்தி மாத்திப் போட்டு ஒப்பேத்தி இருப்பாங்க. வாழைப்பூ, சேனை, முருங்கை, பலாக்கொட்டைன்னு இத்தனை வெச்சிருக்கிற ஊர்ல சைவம்னாலே பனீர்னு யார் சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியலை.

அதுகூடப் பரவாயில்லை. சைவம்னு நினைச்சு சாப்பிடுறது சைவம்தானான்னே சந்தேகமா இருக்கும். ஒரிஜினல் இத்தாலி பார்மிஜானோ சீஸை, கன்றுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட் சேர்த்துத்தான் செய்யணும்னு அதோட விதிமுறையே சொல்லுது. தாய்லாந்து கறியில மீன் சாஸும் இறால் விழுதும் சேர்க்கிறது அந்த ஊர் வழக்கம். பன்னகோட்டா கெட்டியா நிக்கிறது ஜெலட்டினால. "இதுல என்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டா, ஒரு தடவை உள்ளே போய் எட்டிப் பாத்துட்டு வந்து "வெஜ்தான் மேடம்" என்பார்கள். அப்புறம் என்ன ரொமான்ஸ்? தட்டுல ஆராய்ச்சிதான் நடக்கும்.

இதுக்கு யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கணக்கு அப்படி. ஒரு பேச்சுக்கு, பவன்ல ஒரு ஜோடி 400 ரூபாய்க்குச் சாப்பிடுதுன்னு வைங்க. அரை மணியில எழுந்துட்டா, ராத்திரி 7ல இருந்து 10க்குள்ள அந்த டேபிள் ஆறு ஜோடியைப் பாத்துடும், 2400 ரூபாய். ஒரே ஜோடி மூணு மணி நேரமும் கை கோத்துக்கிட்டு இருந்தா வெறும் 400தான். மெழுகுவர்த்திக்காரர் என்ன பண்றார்? அந்த 2400ஐயும் ஒரே ஜோடிகிட்ட வாங்கிடறார். அவருக்கு நம்ம நாக்கைப் பத்திக் கவலைப்படவும் காரணம் இல்லை. 2014ல மத்திய அரசு எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல சைவம் மட்டும் சாப்பிடுறவங்க நூத்துக்கு மூணு பேர்கூட இல்லை. மத்த 97 பேருக்குத்தானே சமைப்பார்? நியாயம்தான்.

ஆனா முடியவே முடியாதுன்னு இல்லை. இதே ஊர்ல கதீட்ரல் ரோட்டுல, 1962ல இருந்து 2008 வரைக்கும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. மரத்தடியில காரை நிறுத்தினா, கார் ஜன்னல்லயே தட்டை மாட்டி டிபன் கொடுப்பாங்களாம். கார் இல்லாதவங்களுக்கு உள்ளே ஹால். ஒரு காபியை வெச்சுக்கிட்டு சாயங்காலம் பூரா உக்காந்திருந்ததா சொல்ற மாமாக்களை நீங்களும் பாத்திருப்பீங்க. கதை எழுதினவங்க, சினிமாவுக்கு சான்ஸ் தேடினவங்க, காதலிச்சவங்க எல்லாருக்கும் அதுதான் இடம். இப்ப அந்த இடத்துல 2010ல திறந்த செம்மொழிப் பூங்கா இருக்கு. அங்க மெழுகுவர்த்தி இருந்ததா யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யாரும் எழுப்பலைங்கிறதுதான் அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கு.

"வீட்டுல சமைச்சு சாப்பிட்டா ஆகாதா?"ன்னு பெரியவங்க கேப்பாங்க. வீட்டுல சமைச்சா ஒருத்தர் தோசைக்கல்லு முன்னாடி நிப்பார், இன்னொருத்தர் சாப்பிடுவார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்கார முடியாது. ஹால்ல அப்பா சீரியல் பாத்துக்கிட்டு இருப்பார். ஆன்சைட் வந்தா போறதா வேண்டாமா, குழந்தை இப்பவா அப்புறமா, யார் வேலையை விடுறது - இதெல்லாம் அந்த ஹால்ல பேசுற விஷயமா? பேசாம தள்ளிப் போட்டா அது ஒரு நாள் சண்டையாத்தான் வெளிய வரும். நான் ரொமான்டிக் டின்னர்னு சொல்றது ரோஜாப்பூவை இல்லை, இந்தப் பேச்சுக்கு ஒரு மேஜையை.

இன்னொரு கோஷ்டி "சைவம்னு ஆரம்பிச்சாலே ஜாதி வாசனை அடிக்குதே"ன்னு வரும். பக்கத்து டேபிள்ல மீன் வறுவல் சாப்பிட்டா எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லை, தனிப் பந்தியும் கேக்கலை. என் தட்டுல என்ன இருக்குன்னு ஒழுங்கா சொல்லுங்க, அதை ருசியா பண்ணுங்க, அவ்வளவுதான்.

ஓட்டல் முதலாளிகளுக்கு என் யோசனை ரொம்ப சிம்பிள். திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும், மாடியில ஒரு பத்து ரெண்டு பேர் மேஜையை ஒதுக்குங்க. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு மேஜைக்குத் தனியா காசு வாங்கிக்கங்க, போர்டுலயே எழுதிப் போட்டுடுங்க. அதே ரவா தோசை, அதே காபி, அதே சமையல்காரர். பில் மட்டும் நாங்க கேட்ட அப்புறம் வரட்டும். சினிமாவுக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்னு அழறவங்க இதுக்குக் கொடுக்க மாட்டாங்களா என்ன?

இந்த மாதிரி ஒரு இடம் ஏற்கனவே எங்கயாவது இருந்தா சொல்லிட்டுப் போங்க மக்களே. புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: பனீர் ரசிகர்கள் மன்னிக்கவும். மட்டர் பனீர் மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை.