பழுதுபார்ப்பவரின் அறிவு யாருக்குச் சொந்தம்?

தில்லியில் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராகப் பணியாற்றும் பெண் ஒருவரிடம் எட்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் கார் இருந்தது. சென்ற கோடையில் அதற்கு ஒரு கோளாறு வந்தது. நெரிசலில் நின்றால் வெப்பநிலை முள் மேலே ஏறும். வெளிவட்டச் சாலையில் வேகமெடுத்தால் தானாக இறங்கிவிடும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம் வண்டியை அரைநாள் வைத்திருந்துவிட்டு, ரேடியேட்டரையும் தண்ணீர் பம்பையும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீட்டுத் தாள் ஒன்றை நீட்டியது. அத்தொகை அவருடைய மாத ஊதியத்தில் பாதியை விழுங்கக்கூடியது.

சக ஆசிரியர் ஒருவரின் சொற்படி, முனீர்க்காவில் தகரக் கூரையின்கீழ் இயங்கும் ஒரு சிறு பட்டறைக்கு அவர் வண்டியைக் கொண்டுசென்றார். அங்கே அனைவரும் 'உஸ்தாத்' என்று அழைக்கும் முதிய மெக்கானிக், பானெட்டைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "நிற்கும்போது சூடேறுகிறதா மேடம், ஓடும்போதா?" விடையைக் கேட்டதும் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். சூடு ஏறியும் ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை. ஹாரனுக்குரிய ரிலேயைக் கழற்றி விசிறியின் ரிலே இருந்த இடத்தில் செருகினார், விசிறி சுழன்றது. புதிய ரிலேயின் விலை, கூலி எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. கருகிய பழைய ரிலேயை அவர் வாடிக்கையாளரின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சிறு பட்டறை நேர்மையானது, பெருநிறுவனம் ஏமாற்றுகிறது என்று இந்த நிகழ்விலிருந்து முடிவுகட்டுவது எளிது. ஆனால் அது தவறு. பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான தகவல் ஏற்றத்தாழ்வை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். பழுதுபார்ப்பு அதைவிடச் சிக்கலானது. 1973இல் டார்பியும் கார்னியும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இத்தகைய சேவைகளைத் தனிவகையாகவே பிரித்துக் காட்டியது: வேலை முடிந்த பின்னரும் அது தேவைப்பட்டதுதானா என்று வாடிக்கையாளரால் அறிய முடியாது. ரேடியேட்டரையும் பம்பையும் மாற்றும்போது கூடவே ரிலேயையும் மாற்றியிருந்தால் சூடு நின்றிருக்கும். அவரும் நன்றி சொல்லிப் பணத்தைக் கட்டியிருப்பார்.

ஆகவே, யார் நல்லவர் என்பதைவிட, நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வழி இருந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி. அந்த மெக்கானிக் கேட்டார், கண்முன்னே சோதித்துக் காட்டினார், பழுதான பாகத்தைத் திருப்பிக் கொடுத்தார். சேவை மையத்திலோ வாடிக்கையாளர் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் அமர்ந்திருந்தார். அவருக்கு வந்து சேர்ந்தது முடிவு மட்டுமே.

பட்டறைகளைப் புனிதப்படுத்தவும் தேவையில்லை. அன்று அவருக்கு ரசீது தரப்படவில்லை. அந்த ரிலே மறுவாரமே கருகியிருந்தால், பணம் கொடுத்ததற்கே அவரிடம் சான்று இருந்திருக்காது. ரசீது தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகவே வைக்கிறது. போலி உதிரிபாகங்கள் புழங்குவதும் இத்தகைய எழுத்துச் சான்றற்ற இடங்களில்தான்.

குளிர்காலத்தில் அதே காரில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உஸ்தாத் தம்மிடமிருந்த கருவியால் பிழைக்குறியீட்டைப் படித்துவிட்டார். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் புதிய பெட்டியைப் பொருத்தியபின் அதை வண்டியோடு இணைக்க நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். "மாட்டத் தெரியும் மேடம், திறக்கச் சாவி என்னிடம் இல்லை" என்று சொல்லி அவர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். மீண்டும் அதே கண்ணாடித் தடுப்பு.

இது புதிய புகார் அன்று. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிட்டாமல் தடுத்ததற்காக, 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் மேல்முறையீடுகளில் ஆண்டுகள் கரைந்தன. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கெனக் குழு அமைத்தது. வாகனத்துறையும் அதன் வரம்புக்குள் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாயிலும் திறக்கப்பட்டது. ஆனால் நிறுவனம் தர முன்வரும் தகவலைத் தொகுத்துக் காட்டுவது வேறு; தர மறுப்பதைத் தரவைக்கும் சட்டக் கடப்பாடு வேறு.

இதில் பணயமாக இருப்பது ஒருவரின் அரை மாத ஊதியம் மட்டுமன்று. கேள்வியிலிருந்து தொடங்கி, ஐயத்தைச் சோதித்து, காரணத்தைத் தனிமைப்படுத்தும் முறையைப் பல்கலைக்கழகங்கள் ஆய்வு என்று அழைக்கின்றன. பட்டறையில் அதைச் செய்பவருக்குப் பட்டமும் இல்லை, காப்புரிமையும் இல்லை. மென்பொருள் பூட்டு தொடருமானால் அவருடைய அறிவு ஒரே தலைமுறையில் வேலையற்றதாகிவிடும். பின்னர் வாடிக்கையாளருக்கு இரண்டாவது கருத்துக் கேட்க இடமே இராது.

வேண்டுவன இரண்டு; இரண்டும் ஒருங்கே வேண்டும். சோதனை மென்பொருளும் பழுதுபார்ப்புக் கையேடுகளும் நியாயமான விலையில் தனிப் பட்டறைகளுக்குக் கிடைப்பதை நிறுவனங்களின் சட்டக் கடமையாக்க வேண்டும். சிறியதோ பெரியதோ, ஒவ்வொரு பட்டறையும் பாகத்தின் பெயர், கூலி, தேதி ஆகியவற்றைக் குறித்த ரசீதையும் கழற்றிய பழைய பாகத்தையும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். முதலாவது மட்டும் நிறைவேறினால் பொறுப்பற்ற சந்தை மிஞ்சும். இரண்டாவது மட்டும் நிறைவேறினால் ஒரே கடை மிஞ்சும்.