கப்பலுக்கும் வேக எல்லை வேண்டும்

ஹொங்கொங் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. பிரித்தானியர் ஆட்சி நீங்கி 1997ஆம் ஆண்டு அந்நகர் சீனாவின் கைக்கு மாறியபோது, அவ்விழாவின் சின்னமாக வெண் டொல்பினைத் தேர்ந்தெடுத்தனர். சின்னமாக்கிச் சிறப்புச் செய்தவர்கள், அவ்வுயிர் வாழக் கடலில் இடம் விட்டனரா?

2003ஆம் ஆண்டு ஹொங்கொங் கடலில் 188 எனக் கணிக்கப்பட்ட அவற்றின் தொகை, 2018இல் 32 ஆகக் குறைந்தது. கடலை மண்ணிட்டு நிரப்பியதும், பெரும் பாலம் அமைத்ததும் காரணங்களே. எனினும் அல்லும் பகலும் ஓயாத காரணம் பிறிதொன்றுண்டு. அதுவே கப்பல்களின் இரைச்சல்.

முத்தாற்றின் முகத்துவாரத்து நீர் கலங்கலானது. அங்கே டொல்பினுக்குக் கண்ணிலும் காதே பெருந்துணை. ஒலியெழுப்பி, அதன் எதிரொலி கேட்டே அது இரை தேடுகின்றது. ஒலியாலேயே தன் இனத்தோடு உறவாடுகின்றது. நீரிலே ஒலி காற்றிலும் நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்லும். ஆதலின், ஹொங்கொங்குக்கும் மக்காவுக்கும் இடையே ஓடும் விரைவுப் படகுகளின் இயந்திர முழக்கம் அதன் காதை அடைப்பது, நம் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

இதற்குச் சான்று யாது? 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது அப்படகுகள் நிறுத்தப்பட்டன. கடல் அமைதியுற்ற சில வாரங்களிலேயே, படகுப் பாதையாகிவிட்ட நீர்ப்பரப்புக்கு டொல்பின்கள் மீண்டு வந்தன. முன்னையிலும் ஏறத்தாழ 30 வீதம் கூடுதலாகக் கண்டதாக ஆய்வாளர் உரைத்தனர். 2023இல் படகுகள் மீண்டும் ஓடத் தொடங்கின.

"துறைமுகத்தை மூடிவிடலாமா? வாணிகம் என்னாவது?" என வினவுவோர் உளர். மூடுமாறு எவரும் கூறவில்லை. பாடசாலை வாயிலில் வாகனம் மெதுவாகச் செல்ல வேண்டுமென விதி செய்கின்றோம். அதனால் வீதி மூடப்பட்டதா? ஹொங்கொங் விமான நிலையப் படகுகளுக்கே, டொல்பின் வாழும் பகுதியில் மணிக்கு 15 கடல் மைல் என்னும் வேக எல்லை விதிக்கப்பட்டதுண்டு. சிலவற்றுக்கு இயன்றது ஏனையவற்றுக்கு இயலாதா?

இவ்வினா நமக்கும் உரியதே. இலங்கையின் தென்முனையாகிய தேவேந்திரமுனைக்கு அப்பால், நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் கடலினூடாகவே உலகக் கப்பற்பாதை செல்கின்றது. கப்பல் மோதி அவை மடிகின்றன. 2022ஆம் ஆண்டு பெருங்கப்பற் குழுமம் ஒன்று, தானே முன்வந்து தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. போற்றத்தக்க செயல்! ஆயினும் உயிர்களின் காவல் ஒரு குழுமத்தின் நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிருத்தல் தகுமா?

பாதையை விலக்குக, வேகத்தைக் குறைக்குக. இவ்விரண்டையும் சட்டமாக்குதல் அரசுகளின் கடன். கொடிய நோய் ஒன்று அறியாமலே செய்த நன்மையை, அறிவுடைய ஆட்சி அறிந்து செய்யலாகாதா?