ஒட்டுவது தோலில்... போவது ரத்தத்தில்!

சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஒரு மகளோ மருமகளோ இல்லாத வீடு எங்கள் காரைக்குடிப் பக்கம் குறைவு. லீவுக்கு வரும்போது தைலமும் சாக்லேட்டும் வருகிற அதே பெட்டியில் இப்போது இன்னொன்றும் வருகிறது... கருத்தடை ‘பேட்ச்’. சின்னதாக ஒரு பிளாஸ்டர். வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஒட்டி, நாலாவது வாரம் விட்டுவிட வேண்டும். அந்த வாரம் மாதவிலக்கு வரும். வந்தவர் தங்கைக்கும் நாத்தனாருக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்துவிட்டுப் போகிறார். இங்கேதான் எனக்குக் கவலை.

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று பிரித்திருக்கிறார்கள். பற்று, ஒற்றடம், கட்டு எல்லாம் புற மருந்து. நம் பெண்கள் இந்த பிளாஸ்டரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். “மாத்திரைன்னாதாங்க பயம், இது வெளியில ஒட்டுறதுதானே?” என்கிறார்கள். இல்லையம்மா! மாலா-டி மாத்திரையில் இருக்கும் அதே வகை ஈஸ்ட்ரோஜன் இதிலும் இருக்கிறது. தோல் வழியாக இரவு பகலாக ரத்தத்தில் கலந்து, சினைமுட்டை வெளிவருவதையே நிறுத்துகிறது. ஒட்டுகிற இடம்தான் வெளியே. வேலை முழுக்க உள்ளே.

இந்த பேட்சுக்கு அமெரிக்க அரசு 2001-ல் அனுமதி கொடுத்தது. சாதாரண மாத்திரையைவிட சுமார் 60 சதவிகிதம் அதிகமான ஈஸ்ட்ரோஜன் இதனால் உடம்பில் சேர்கிறது என்று 2005-ல் எச்சரிக்கையும் சேர்த்தது. ஈஸ்ட்ரோஜன் கூடினால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தும் கூடலாம். எல்லோருக்கும் வந்துவிடாது, அபூர்வம்தான். ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் பூச்சி பறந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் ஆறு மாதம் வரை வேண்டாம். உடல் எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் பலன் குறையும்.

என்னிடம் தலைவலி என்று வருகிறவர்களிடம் “வேறு மருந்து ஏதாவது?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. பிளாஸ்டர் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை! அலோபதியோ சித்தாவோ, எந்த டாக்டரிடம் போனாலும் பேட்ச் ஒட்டியிருப்பதை முதலில் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மாத்திரைகள் பேட்சின் வேலையையே கெடுத்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்க் கண் மங்கல் வந்தாலோ கஷாயம் போட்டுப் பார்க்காதீர்கள். பேட்சைப் பிய்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் இருக்கிறது: வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல்! சாதாரணக் குளியலால் பேட்ச் உரியாது. ஆனால் ஒட்டுகிற இடத்தில் எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் இருந்தால் பிடிக்காது. தலைக்கு மட்டும் எண்ணெய் வையுங்கள். பிட்டம், வயிறு, மேல்கையின் வெளிப்பக்கம் ஒட்டலாம்; மார்பில் கூடாது. தினமும் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கழன்று 24 மணி நேரத்துக்குள் என்றால் திரும்ப ஒட்டலாம், பசை போயிருந்தால் புதிது. அதற்கு மேல் போனால் புதிய பேட்சோடு முதல் வாரமாக ஆரம்பித்து, ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். சித்திரை வெயிலுக்குப் பயந்து ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது.

“அப்படின்னா நீங்களே ஒரு வேர் கொடுங்களேன்” என்பார்கள். நான் கொடுப்பதில்லை. நம்பிக் கொடுக்கிற அளவுக்கு நிரூபணமான கருத்தடை மூலிகை எதுவும் எனக்குத் தெரியாது. ஆமணக்கு விதையை விழுங்கும் பழக்கமோ விஷத்தோடு விளையாட்டு. பேட்ச் ஒத்துவராதவர்களுக்கு லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ‘சாயா’ மாத்திரை இருக்கிறது. அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. காப்பர்-டி இருக்கிறது. இரண்டும் அரசுத் திட்டத்தில் இலவசம். ஆண்களுக்குச் சில நிமிஷ ஆபரேஷனும் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்!

பேட்ச்தான் வேண்டும் என்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கழற்றியதில் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைபடாமல் குப்பையில் போடுங்கள்.