பட்டினி கிடந்து பெருத்த கதை

போன இதழில் மாவடு பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு எதிர்வீட்டு அக்கா கேட்டார். "நாக்கு ருசிக்கே எழுதுறியே, ஒன்றரை வருஷத்துல உடம்பு இளைச்சிருக்கியே, அந்த ரகசியத்தை எழுதினா என்ன?" ரகசியம் ஒன்றும் இல்லை சகோதரிகளே. ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று பரண் மேல் ஏறினேன். சாட்சிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

எடை பார்க்கும் மிஷின் ஒன்று. உடம்பு இளைக்கக் கலக்கிக் குடிக்கும் மாவு டப்பாக்கள் மூன்று. இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட் ஒன்று. அப்புறம் ஒரு பழைய டைரி. அதில் "திங்கள்கிழமை முதல் சாதம் கிடையாது" என்று பதினோரு இடத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. பதினோரு திங்கட்கிழமை!

கல்யாணத்தின்போது நான் 54 கிலோ. 2010-இல், மூத்தவள் பிறந்து எட்டாம் மாதம், 66. ஒரு விசேஷ வீட்டில் யாரோ, "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாளே ஆரம்பித்தேன். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாகவும், அடுத்த ஆறு மாதம் சுமார் 520 கலோரி கூடுதலாகவும் வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நானோ உள்ளதையும் குறைத்தேன். கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இந்த ஒரு பைத்தியக்காரத்தனத்தை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று நம் பாட்டிமார் பூண்டும் கருவாடும் போட்டு ஆக்கிக் கொடுத்தார்களே ஒழிய, பட்டினி போடவில்லை.

தேனும் எலுமிச்சம் பழமும் கலந்த வெந்நீர், கொள்ளு ரசம், முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய் மட்டும் என்று ஏழு நாள் கணக்கு, பிறகு சாதமே வேண்டாம் என்று ஒரு வருஷம். ஒவ்வொன்றிலும் முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கும். எனக்குத் தலைகால் புரியாது. அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தானாம். ஈரலிலும் சதையிலும் உடம்பு சர்க்கரையைச் சேர்த்து வைக்கும்போது, அதைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் முதலில் கரைவது அதுதான். நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் அத்தனையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மட்டும் என்னவோ பாவம் செய்தவள் போல அழுவேன்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். டயட் இருந்த நாளிலெல்லாம் எனக்குச் சமையல் குறிப்பு சேர்ப்பதே வேலை. பத்திரிகையில் வந்த அல்வாவையும் அதிரசத்தையும் கத்தரித்து நோட்டில் ஒட்டுவேன். எனக்கு நாக்கு கெட்டுவிட்டது என்று நானே நொந்துகொள்வேன். நாத்தனார் மகள் சத்துணவுப் படிப்பு படிக்கிறாள். அவள்தான் சொன்னாள்: அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1945-இல் 36 ஆண்களை அவர்கள் சம்மதத்துடன் 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்களாம். ஆரோக்கியமான வாலிபர்கள். அவர்களில் சிலர் அப்படியே என்னைப் போலச் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்களாம்! எந்நேரமும் சோற்று நினைப்பாம். பட்டினி முடிந்த பிறகும் அந்தப் பசி லேசில் அடங்கவில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு என்னமோ மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது.

சோற்று நினைப்பு என்ன செய்யும்? பகலெல்லாம் விரதம். இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் படுத்த பிறகு, அடுப்படியில் விளக்கைக்கூடப் போடாமல், பானையில் இருக்கிற சோற்றை ஊறுகாயோடு நின்றபடியே சாப்பிடுவேன். அது போக, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கும் அரை இட்லி, கால் தோசை, இரண்டு வாய் தயிர்சாதம். கொட்ட மனசு வருமா? வாயில் போட்டுக்கொள்வேன். அதை டைரியில் எழுதியதே இல்லை. நம்மில் எத்தனை பேர் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதை வயிற்றில் போட்டுக்கொள்கிறோம், சொல்லுங்கள்? இப்படியே பதிமூன்று வருஷம். 66 கிலோவில் ஆரம்பித்தவள் 78-இல் வந்து நின்றேன்.

2023 ஜூனில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிரேயரில் நின்ற மகள் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஒன்பதாம் வகுப்பு அப்போது. அலறியடித்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "காலையில என்ன சாப்பிட்டே?" என்று அவளைக் கேட்டார். அவள் பேசவில்லை. நான் முந்திக்கொண்டு, "இரண்டு இட்லி டாக்டர்" என்றேன். அந்த இட்லியை அவள் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு மாதமாக அப்படித்தானாம். பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பையிலேயே கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று அதட்டினேன்.

"நீயும்தானே காலையில சாப்பிட மாட்டேங்கிறே? குண்டாயிடுவேன்னு நீதானே தினம் சொல்றே?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக்கூடாது. அவளுக்கு 8.8. எனக்கு 9.4. எழுபத்தெட்டு கிலோ உடம்பில் ரத்தம் இல்லை! அன்று டாக்டரம்மா எனக்கு எடை குறைக்க ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, "மூணு வேளையும் பொண்ணோட உட்கார்ந்து சாப்பிடுங்க, அவ கண்ணு முன்னால சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

சொல்வது சுலபம். காலை ஏழரை மணிக்கு டிபன் கட்டுகிற வீட்டில் அம்மாக்காரி உட்காருவதாவது! முதல் வாரம் சண்டைதான். பிறகு எங்க வீட்டுக்காரரே தண்ணீர் பாட்டில் நிரப்புவதையும் பையனுக்கு ஷூ மாட்டுவதையும் ஏற்றுக்கொண்டார். எனக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாம் மாறியது என்று சொல்வேன். காலையில் வயிறாரச் சாப்பிட்டவளுக்கு இரவு பதினொரு மணிக்குப் பானை ஞாபகமே வரவில்லை.

தனிச் சமையல் கிடையாது. வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே குழம்பு. தட்டைப் போடும்போது மட்டும் முறையை மாற்றினேன். முன்பெல்லாம் சோற்றைக் குவித்து, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குக் காய் வைப்பேன். இப்போது முதலில் பாதித் தட்டுக்குப் பொரியலோ கூட்டோ கீரையோ, பிறகுதான் சோறு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போடும் கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஒருவருக்கு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம். எண்ணெய்க் கணக்கைப் பார்த்துத்தான் திக்கென்றது. எங்கள் வீட்டில் மாதம் ஆறு லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. இப்போது நாலரையில் நிறுத்தியிருக்கிறேன். அத்தைக்கு அப்பளம் பொரிக்காத நாளில் மட்டும் கோபம் வரும். அவர் காலத்துக் கேப்பைக் கூழைக் கேட்டு வாரம் இரண்டு நாள் கிண்டச் சொன்னதும் அந்தக் கோபமும் போய்விட்டது. 100 கிராம் கேப்பையில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மாவு டப்பாவுக்குக் கொடுத்த காசில் ஒரு வருஷத்துக் கேப்பை வாங்கியிருக்கலாம்.

கொல்லையில் முருங்கை மரம் இருக்க, கடையில் சத்து தேடி அலைந்தவள் நான். கீரை செய்யும் நாளில் ஒரு மூடி எலுமிச்சை பிழிந்துவிடுகிறேன், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடிக்கும் வழக்கத்தை விட்டோம், அது சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இப்போது டீ. பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, வேண்டுமென்றால் மறுபடி போடுகிறேன். தட்டில் மிச்சம் விழுவதில்லை, எனக்கும் வேலை மிச்சம்.

தீபாவளிக்கு அதிரசம் தின்றேன். ஊர்த் திருவிழாவில் கறிச்சோறு தின்றேன். மறுநாள் விரதம் இருக்கவில்லை, வழக்கம்போலச் சாப்பிட்டேன். "திங்கள் முதல்" என்ற பேச்சே வீட்டில் இல்லை. சாயங்காலம் மகளும் நானும் கோயில் குளத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடப்போம். அவள் பேச, நான் கேட்க. "குண்டு" என்ற வார்த்தையை நான் வாயில் எடுப்பதில்லை. ஒரு தடவை பழக்க தோஷத்தில் வந்துவிட்டது, அவள் திரும்பிப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன். 54 ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு ரத்தம் 12.2 ஆகிவிட்டது. எனக்கு 11.7. (சர்க்கரை, தைராய்டு என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் என் கணக்கைப் பார்க்காமல், உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

பரணிலிருந்து இறக்கியதில் டப்பாக்களைக் கழுவி மல்லியும் மிளகாயும் கொட்டி வைத்துவிட்டேன். மிஷினைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அவர் அதைத் தம் தராசில் வைத்து எடை போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோகூட இல்லீங்கம்மா" என்று முப்பது ரூபாய் கொடுத்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.